முதல் லோடில் என்னையும் ஏற்றினார்கள்

லாரி வைத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். ஊரெல்லாம் தறிச் சத்தத்தில் தூங்கிய காலத்தில் நாம் மட்டும் வராத ஒரு ஹாரனுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தோம். செல்போன் கிடையாது. மலை ஏறப் போன வண்டி திரும்பி வந்து, வீட்டு முன்னால் நின்று, கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டால்தான் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

போன மாதம் ஒரு ஸ்கேன் முடிவுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் என் கையைப் பிடித்து, "பயமா இருக்குதுங்களாம்மா?" என்றாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. ஆனால் உண்மையாகவே நான் அந்த ஸ்கேனைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு கோடை விடுமுறை முழுக்க நடுங்கிக்கொண்டே கழித்தவள் நான். பயத்தில் எனக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவுக்கு மேலே போனது இதுவரை எதுவும் இல்லை. அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் ஒரு பழைய லாரி என்ஜினைப் பிரித்து, அதற்குச் சாமான் வாங்கினார்கள். அவ்வளவுதான் நடந்தது.

எங்கள் வீடு பல்லடத்துக்கு வெளியே. அப்பா சொந்த லாரி ஓட்டினார். அவர் வாங்கும்போதே அது இரண்டு கை மாறிய வண்டி. மூலனூர்ச் சந்தையில் முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு, சத்தியமங்கலம் போய், பண்ணாரியில் தேங்காய் உடைத்துவிட்டு, திம்பம் மலை ஏறி மைசூருக்குப் போகும். வண்டியில் கிளீனராகப் போனது என் மாமா, அம்மாவின் தம்பி. கல்யாணமாகாதவர். விசில் அடித்தால் தெருநாய் எல்லாம் கூடிவிடும், அப்படி அடிப்பார்.

அதற்கு முந்தின ஐப்பசி மழையில், திம்பம் ஏற்றத்தில், பாதி மலையில் என்ஜின் ஒரேயடியாக இறுகி நின்றுவிட்டது. என்ஜின் நின்றால் பிரேக்குக்குக் காற்று ஏறாது. டேங்கில் இருக்கிற காற்று தீரும்வரைதான் பிரேக் பிடிக்கும். அதற்குள் கிளீனர் குதித்துப் பின் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். மாமா குதித்தார், கட்டையைப் போட்டார். ஈர ரோட்டில் கட்டை நழுவி, சக்கரம் அவருடைய வலது பாதத்தின் மேல் ஏறி நின்றது. அதனால்தான் வண்டி பள்ளத்தில் போகவில்லை என்று பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சை அம்மா காதில் விழுகிற மாதிரி யாரும் பேசமாட்டார்கள்.

மாமாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து முன்னறையில் கட்டிலில் போட்டார்கள். கணுக்காலுக்கு மேலே காலை எடுத்திருந்தார்கள். அந்த அறையில் எப்போதும் டெட்டால் வாசனை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவருக்குத் தண்ணீர் கொடுப்பது என் வேலை. ஒருநாள் செம்பை வாங்கிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"கண்ணு, சுண்டுவெரலு அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு உடு."

எந்தக் கால் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் கண் போன பக்கம் பார்த்தேன். பெட்ஷீட் தட்டையாகக் கிடந்த இடம். அந்தத் துணியின் மேல் நகத்தால் சொறிந்தேன். "இன்னுங் கொஞ்சம் கீழ" என்றார். கீழே சொறிந்தேன். "ம்ம், இப்பத் தேவலை" என்று கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு. அதற்குப் பிறகும் தினமும் கேட்டார், தினமும் சொறிந்தேன்.

அந்த அறையில்தான் ஒருநாள், அப்பா வீட்டில் இல்லாத நேரம், மாமா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "பண்ணாரி தாண்டுனதுலயிருந்தே ஆயில் பிரஷர் முள்ளு எறங்கிட்டே இருந்துச்சுக்கா. மச்சான்கிட்டச் சொன்னேன். கேஜ் பொய் சொல்லுது, நீ சும்மா இருன்னாரு."

அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு மறுபடியும் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

வண்டி மாதக்கணக்கில் நின்றது. அப்பா அடுத்தவர்கள் லாரியை ஓட்டினார். பங்குனி பிறந்து, முருங்கைக்காய் சந்தைக்கு வரத் தொடங்கியதும், சொந்த வண்டியை எழுப்ப வேண்டும் என்று அவருக்குத் துடிப்பு வந்துவிட்டது. பல்லடம் ரோட்டில் ஒரு தகர ஷெட்டில், தெற்கேயிருந்து வந்து தங்கிவிட்ட ஒரு மெக்கானிக் என்ஜினை இறக்கினார். நல்ல மனிதர்தான். ஆனால் வாடிக்கை போய்விடுமோ என்று அப்பாவுக்குப் பிடித்ததைப் பேசுகிறவர்.

எனக்குப் பரீட்சை முடிந்திருந்தது. அம்மா சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு மத்தியானம் ஷெட்டுக்குப் போனாள். நிலத்தில் சாக்கு விரித்து, என்ஜினின் உள்ளுறுப்புகளை வரிசையாக வைத்திருந்தார்கள். கறுத்த எண்ணெய், மண்ணெண்ணெய், வெயிலில் காய்ந்த தகரம் எல்லாம் கலந்த நாற்றம். மெக்கானிக் உள்ளங்கையில் ஒரு வளைந்த தகட்டை வைத்து அப்பாவிடம் காட்டிக்கொண்டிருந்தார். சுற்றும் கம்பியைத் தாங்குகிற பேரிங். மெழுகு உருகி ஒழுகிய மாதிரி இருந்தது.

"போன வாட்டி லோக்கல் பேரிங்தான போட்டோம்ணே. நான்கூடச் சொன்னேன், கம்பெனி பேரிங் போடலாம்னு."

அப்பா சட்டென்று திரும்பி எங்களைப் பார்த்தார். அம்மா போசியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, லோக்கல்னா என்னங்க?" என்று மெக்கானிக்கைக் கேட்டாள்.

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

"டூப்ளிகேட்டும்மா. பாக்க அதே மாதிரிதான் இருக்கும். சூடு தாங்காது."

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். சில்லறை விஷயங்களுக்கெல்லாம் கத்துகிறவள் அவள். அன்றைக்குக் குரலே உயரவில்லை. என் தோளில் கை வைத்து, என்னைத் தனக்கு முன்னால் இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

"இந்த என்ஜினு ஓடுனதும், மொத லோடுக்கு நானும் இந்தப் புள்ளையும் வண்டில வர்றோமுங்க. மலை ஏறி எறங்கற வரைக்கும் வர்றோம். அதை மனசுல வெச்சுட்டு என்ன சாமான் வேணுமோ வாங்குங்க."

"பைத்தியமா புள்ள உனக்கு?" என்றார் அப்பா.

"ஆமாங்க" என்றாள் அம்மா. போசியைத் திறந்து சோறு போட ஆரம்பித்தாள்.

என்னை யாரும் கேட்கவில்லை. நம் காலத்தில் பிள்ளைகளை யாரும் எதையும் கேட்பதில்லை, உங்களுக்கே தெரியும். அவள் கை என் தோளிலிருந்து எடுபட்ட பிறகும் அந்த இடம் சில்லென்றே இருந்தது.

அடுத்த வாரம் சாமான் வாங்கக் கோயமுத்தூர் போனோம். அம்மா தானும் வருவேன் என்று பஸ் ஏறிவிட்டாள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் வரிசையாக இருந்த தெரு. ஒரு கடையில், நெற்றி நிறைய விபூதி பூசிய கடைக்காரர் அப்பாவை நன்றாகத் தெரிந்தவராகச் சிரித்தார். பிஸ்டன், ரிங், பேரிங், ஆயில் பம்ப் என்று அப்பா சொல்லச் சொல்ல, அட்டைப்பெட்டிகளை எடுத்து மேஜைமேல் அடுக்கினார். எல்லாப் பெட்டியிலும் பளபளவென்று இங்கிலீஷ் எழுத்து.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், வைத்தாள்.

"ஏனுங்க சாமி, இந்த வண்டிலதான் இவளை உக்கார வெச்சு மலை ஏறப்போறோம். இதையே குடுப்பீங்களா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். ரெட்டைச் சடை, வெளுத்த பாவாடை. அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக முகத்திலிருந்து இறங்கியதை நான் பார்த்தேன். மேஜைமேல் இருந்ததில் பாதிப் பெட்டிகளைத் திரும்ப எடுத்தார். உள்ளே போனார். வேறு பெட்டிகளோடு வந்தார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பேரிங்குகள், மெழுகு பூசிய ஆயில் பம்ப்.

"அதை ஏனுங்க எடுத்துட்டீங்க?" என்றார் அப்பா.

"இது இருக்கட்டுமுங்க" என்றார் கடைக்காரர். அவ்வளவுதான்.

மற்றவர்களுக்கு அது நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு அப்படி இல்லை. அம்மா கேட்காமல் இருந்திருந்தால் முதல் பெட்டிகளே எங்களோடு பஸ் ஏறியிருக்கும். அப்படியானால் கேட்காமல் விட்டது எது எது? திரும்பி வரும்போது பஸ்ஸை முந்திப்போன ஒவ்வொரு லாரியையும், அதற்குள் எந்தப் பெட்டிச் சாமான் ஓடுகிறதோ என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு ஷெட்டுக்குப் போகாமல் இருக்க என்னால் முடியவில்லை. பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். என் வயதுப் பிள்ளைகள் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தபோது நான் ஒரு காலி டின்மேல் உட்கார்ந்து, எதைப் போடலாம், எதை விடலாம் என்று அப்பாவும் மெக்கானிக்கும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். புதிதாக வாங்கியதெல்லாம் நல்லது, பழசெல்லாம் கெட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அது அப்படி இல்லை. பிஸ்டன்களை ஆட்டுகிற ராடுகள் பழசே இருக்கட்டும் என்றார் மெக்கானிக். வளையாமல், முறுகாமல் இருந்தன. ஆனால் அவற்றை முடுக்குகிற போல்ட்டுகளை ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் தூக்கிப் போட்டார். "இதெல்லாம் இழுத்து இழுத்து நீண்டு போயிருக்கும்ணே. கண்ணுக்குத் தெரியாது. ஒருநா பட்டுனு போயிரும்." கண்ணுக்குத் தெரியாது என்ற அந்த வார்த்தையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாப்பிடும்போது அது கூடவே உட்கார்ந்திருந்தது.

நம் ஊரில் எதைத் துடைப்பதாக இருந்தாலும் பனியன் கம்பெனி வேஸ்ட் துணிதான், இல்லையா? ஷெட்டின் மூலையில் ஒரு மூட்டை கிடந்தது. மெக்கானிக் அதை வெளியே தூக்கி எறியச் சொன்னார். அதன் பஞ்சு நூல் உள்ளே சிக்கினால், எண்ணெய் உறிஞ்சுகிற சல்லடையை அடைத்துவிடுமாம். இவ்வளவு நாளும் அதைக் கொண்டேதான் அவரும் துடைத்திருக்கிறார், அன்றைக்குத்தான் தோன்றியிருக்கிறது. அம்மா தன் பழைய நூல் சேலை இரண்டைத் துவைத்து, காயவைத்து, கிழித்துக் கொடுத்தாள். அம்மாவின் சேலையால் அந்த இரும்பைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ போல இருக்கும்.

ஒருநாள் அம்மா இல்லாமல் நான் மட்டும் சோறு கொண்டுபோனேன். என்ஜினின் முதுகெலும்பு மாதிரியான கிராங்க், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுற்றாக மாற்றுகிற கனத்த வளைந்த கம்பி, விட்டத்தில் சங்கிலியில் தொங்கியது. அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, சுண்ணாம்புக்கட்டியைக் கரைத்துப் பூசியிருந்தார்கள். உரித்த ஆடு மாதிரி வெள்ளையாகத் தொங்கியது. எங்காவது விரிசல் இருந்தால், உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து சுண்ணாம்பில் கோடாகத் தெரியும் என்று மெக்கானிக் எனக்குச் சொன்னார்.

காத்திருந்தோம். வெயிலில் தகரம் டிக் டிக்கென்று முனகியது. சுண்ணாம்பு காய்ந்துகொண்டே வந்தது. ஒரு வளைவின் ஓரத்தில், தலைமுடி ஒன்று ஒட்டிக்கொண்ட மாதிரி, ஒரு கோடு மெல்ல நனைந்து கறுத்தது. முதலில் பார்த்தது நான்தான்.

"கோடுங்கப்பா" என்றேன்.

"அது கீறலு கண்ணு" என்றார் அப்பா.

மெக்கானிக் கிட்டே போய்ப் பார்த்தார். விரலால் தேய்க்கவில்லை. "விரிசல்தாண்ணே" என்றார் தணிந்த குரலில். "கம்பெனி கிராங்க்குக்குச் சொல்லி வெச்சா வர்றதுக்கு மாசக்கணக்கா ஆகும்."

"மாசக்கணக்குல காய் இருக்குமா? சீசனே முடிஞ்சு போயிரும். இந்தச் சீசன் ஓடட்டும். ஒடையறதுன்னா போன வாட்டியே ஒடஞ்சிருக்காதா?"

மெக்கானிக் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். அதுவே சம்மதம் என்று எனக்குப் புரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா என்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து மிதித்தார். பாதி வழியில், என் உச்சந்தலைக்கு மேலே அவர் குரல் கேட்டது.

"அம்மாகிட்டக் கோடு கீடுன்னு சொல்லிப்போடாதே கண்ணு. சும்மா பயந்துக்குவா."

"சரிங்கப்பா" என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. இன்றைக்கு யோசித்தால், அவருக்கும் பயம்தான் என்று படுகிறது. ஏற்கெனவே ஒருவன் காலைத் தன் வண்டி பறித்துவிட்டது; இனி அந்த வண்டி நின்றே இருந்தால் அதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எப்படியாவது ஓடிவிட்டால் மறந்துவிடலாம் என்று நினைத்திருப்பார். ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் கோட்டுக்கு மேலேதான் நானும் அம்மாவும் உட்காரப்போகிறோம் என்பதும், அது அப்பாவுக்குத் தெரியும் என்பதும்தான்.

எனக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா மிளகுக் கஷாயம் வைத்தாள், எதுவோ பார்த்துப் பயந்திருக்கிறேன் என்று மந்திரிக்கக் கூட்டிப்போனாள். வேப்பிலை என் முகத்தில் அடித்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தால் அப்பாவின் குரல் உச்சந்தலையில் கேட்கும்.

மாமாவுக்குத் தண்ணீர் கொடுக்கும்போது அழுகை வந்துவிட்டது. "என்னாச்சு கண்ணு?" என்றார். இல்லாத காலைச் சொறிகிற இடத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கிராங்க், சுண்ணாம்பு, கோடு, சொல்லாதே என்றது எல்லாம். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் மாமா கட்டிலிலிருந்து இறங்கினார். கக்கத்துக் கட்டைகளை ஊன்றி, வாசலைத் தாண்டி அவர் போனது அதுதான் முதல் தடவை. அம்மா பின்னாலேயே ஓடினாள். "எங்கடா போற?" நான் கூடவே போனேன். தனியார் பஸ்காரர்கள் நிற்கவே மாட்டார்கள், அன்றைக்கு நிறுத்தி, கண்டக்டர் இறங்கி இடுப்பைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

ஷெட்டில் அப்பாவும் மெக்கானிக்கும் கிராங்க்கை என்ஜினுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாமா சாக்கின்மேல் உட்கார்ந்தார். வேட்டியை விலக்கி, கட்டுப் பிரித்த காலை அவர்களுக்கு நேராக நீட்டினார். தையல் போட்ட தோல் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. அப்பா பார்க்காமல் இருக்கத் தலையைத் திருப்பினார்.

"பாருங்க மச்சான்" என்றார் மாமா. கோபமே இல்லாத குரல். "இன்னொரு காலு இருக்குதுங்க. அந்தக் கிராங்க்கைப் போட்டீங்கன்னா நானே வண்டில வர்றேன். நானே எறங்கிக் கட்டை போடறேன். அக்காவும் புள்ளையும் வேண்டாமுங்க."

பக்கத்துத் தறிக்குடோனின் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா அந்தக் கிராங்க்கைத் தனியாகவே தூக்க முயன்றார். முடியவில்லை. மெக்கானிக் மறு முனையைப் பிடித்தார். வெளியே கொண்டுபோய்ச் சாக்கடை ஓரத்தில் போட்டார்கள். அப்பா திரும்பி வந்து, மாமாவின் வேட்டியை இழுத்துக் காலை மூடிவிட்டார். அவர் கை நடுங்கியதைப் பார்த்தபோது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அப்பாக்கள் நடுங்கக் கூடாது என்று நினைத்திருந்த வயது.

பழைய வண்டிகளை உடைக்கிற இடத்தில் தேடி, அதே மாடல் லாரியின் கிராங்க் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். "புதுசா இருக்கணும்னு இல்லண்ணே, ஒரிஜினலா இருந்தாப் போதும்" என்றார் மெக்கானிக். அதற்கும் மண்ணெண்ணெய், அதற்கும் சுண்ணாம்பு. பொழுது சாயும்வரை நானும் கண்ணெடுக்காமல் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகவே காய்ந்தது.

"அந்த வண்டிக்கு என்ன ஆச்சுங்க? எதுக்கு ஒடச்சாங்க?" என்று கேட்டேன். மெக்கானிக் சுத்தியலைத் தேட ஆரம்பித்தார்.

சித்திரை பிறந்த பிறகு ஒருநாள் என்ஜின் ஓடியது. ஷெட்டே குலுங்கியது. அப்பா முகத்தில் மாதக்கணக்கில் இல்லாத சிரிப்பு. அம்மா கற்பூரம் காட்டினாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

மாமாவுக்குப் பிறகு எங்கள் வண்டிக்குக் கிளீனராக வர ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. மூலனூரில் காய் ஏற்றியபோது கூப்பிட்ட ஆளும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. அம்மா சக்கரத்துக்குப் போடுகிற கட்டையை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டாள். நான் நடுவில். என் முழங்காலுக்கு நேராக டேஷ்போர்டில் அந்தக் கேஜ். கண்ணாடி மங்கி, முள் நிமிர்ந்து நின்றது. பண்ணாரியில் வண்டியைப் போட்டு, விடியும்வரை அங்கேயே இருந்தோம். தேங்காய் சரியாக இரண்டாக உடைந்தது என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள்.

ஏற்றம் தொடங்கியதும் நான் அம்மா மடியில் முகத்தை வைத்துக் கண்ணை இறுக்கிக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் என்ஜின் மூச்சு வாங்கி, கியர் மாறும் இடைவெளியில் ஒரு கணம் சத்தமே இல்லாமல் போகும். அந்த ஒரு கணத்தில் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். பச்சை முருங்கைக்காய் வாசனை பின்னாலிருந்து வந்தது. அப்புறம் வேறொரு வாசனை. சூடான எண்ணெய்.

"ஏனுங்க, முள்ளு எறங்குதுங்க" என்றாள் அம்மா.

கியர் ஒன்று மாறியது.

"ஏனுங்க."

"பாத்தேன். எல்லாமே புதுசு. கேஜ்தான்..." என்றவர் நிறுத்தினார். அந்த வார்த்தை அவர் வாயிலேயே நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தார் என்று தெரியும். "கட்டையை எடு. நான் என்ஜினை அணைக்கப்போறேன். நின்னதும் குதி. காலைத் தள்ளி வெச்சுக்க புள்ள, காலைத் தள்ளி வெச்சுக்க."

அம்மா என் தலையை மடியிலிருந்து தூக்கி மெதுவாக ஸீட்டில் வைத்தாள். கதவு திறந்தது. குளிர்ந்த காற்று. என்ஜின் அணைந்தது. காற்று எங்கேயோ சீறிக்கொண்டே குறைந்தது. கண்ணைத் திறந்து பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். பனிமூட்டத்தில் அம்மாவின் சேலை பின் சக்கரத்தை நோக்கி ஓடியது. குனிந்தாள். அப்புறம் அவளைக் காணவில்லை. கண்ணாடியில் சக்கரமும் பனியும் மட்டும். பிரேக்கின்மேல் அப்பாவின் கால், முழங்கால் வரைக்கும் துடித்தது. வண்டி ஒரு விரற்கடை பின்னால் போனது. நான் கத்தவில்லை. கத்த வேண்டும் என்று நினைத்தேன்.

"போட்டாச்சுங்க!"

அம்மாவின் குரல்தான். நான் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன்.

என்ஜினிலிருந்து கேஜுக்கு வருகிற, சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத செம்புக் குழாய் ஒன்று விரிசல் விட்டிருந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் தேடித் தேடி மாற்றியவர்கள், வெளியே ஒட்டியிருந்த அதைப் பார்க்கவே இல்லை. எண்ணெய் அதன் வழியாகப் பீச்சியடித்துக்கொண்டிருந்தது. இன்னும் சில வளைவுகள் ஓட்டியிருந்தால் எண்ணெய் காலியாகி, போன வருடம் நடந்ததே நடந்திருக்கும். அப்பா பிளையரால் குழாயை நசுக்கி மடித்து அடைத்தார். டின்னில் இருந்த எண்ணெயை ஊற்றினார். இனி முள் எதையும் காட்டாது.

வண்டியைக் கிளப்பினார். அது நகர்ந்த பிறகுதான் கட்டையை எடுக்க முடியும். எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஏற வேண்டும். ஆனால் அந்தச் செங்குத்தில் அப்பாவால் நிறுத்த முடியவில்லை. ஏறிக்கொண்டே போனார். கதவு திறந்தே ஆடியது. அம்மா வரவில்லை. வளைவு திரும்பியதும் ரோடே மறைந்துவிட்டது.

"அம்மா" என்றேன்.

"வருவா கண்ணு. வருவா" என்றார். சமதளமான ஓர் இடம் வரும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே நிறுத்தினோம். பனிக்குள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். யானை நடக்கிற காடு அது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, தண்ணீர்க் குடத்தை வைத்திருக்கிற மாதிரி அந்தக் கட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அம்மா வளைவில் நடந்து வந்தாள். அப்பா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அம்மா ஏறுவதற்குள் நான் மறுபடியும் ஸீட்டில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

மைசூர்வரைக்கும், கேஜ் இல்லாததால், மூன்று பேரும் என்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தோம். அது ஒரு சொல்கூட மாறாமல் பேசிக்கொண்டே ஓடியது. அந்த என்ஜின் அதற்குப் பிறகு பல வருடம் மலை ஏறியது; ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லை. மாமா ஒரு பனியன் கம்பெனியில் உட்கார்ந்து பீஸ் பார்க்கிற வேலைக்குப் போனார், கல்யாணமும் செய்துகொண்டார். அம்மா மறுபடியும் அந்த லாரியில் ஏறவே இல்லை. நானும்தான்.

அப்பா போய் வெகுகாலமாயிற்று. அம்மா போன வருடம் படுக்கையில் விழுந்தாள். அவளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன்.

"ஏனுங்கம்மா, அன்னிக்கு என்னையும் எதுக்கு ஏத்துனீங்க? எதாவது ஆயிருந்தா?"

அவள் உடனே சொன்னாள், யோசிக்கவே இல்லை. "ஆயிருந்தா மூணு பேருஞ் சேந்து போயிருப்போம். ஊட்ல உக்காந்து வருமா வராதான்னு பாத்துட்டே இருக்கறது இருக்குதே, அது என்னால முடியல கண்ணு. உங்கப்பா நல்ல சாமான் வாங்கோணும்னுதான் ஏறுனேன்னு ஊரு நெனச்சுது. எனக்குத் தனியா இருக்கப் பயம்."

தைரியத்தில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை என்று ஆயுசு முழுக்க நினைத்திருந்தவள் நான்.

அவள் சுளையை மென்றுகொண்டே லேசாகச் சிரித்தாள். "நீ ஏறுனதும் மடில படுத்துத் தூங்கிட்டே. மலை முச்சூடும் தூக்கம். கட்டை போட எறங்கறப்பக்கூட உன்னை எழுப்பாம ஸீட்டுல வெச்சேன். புள்ளைக்கு ஒண்ணுந் தெரியல, அது போதும்னுதான் எனக்கு எறங்கவே தைரியம் வந்துச்சு. நீ மட்டும் முழிச்சிருந்தீன்னா நான் எறங்கியிருக்க மாட்டேன்."

அடுத்த சுளையின் கொட்டையை எடுத்துவிட்டு அவள் வாயில் வைத்தேன்.

"ஆமாங்கம்மா" என்றேன். "நல்ல தூக்கம்."